எடை போடுகிறவன்

செப்பெலாரேயில் காலை ஏழரைக்குக் கடை திறப்பேன்.
பூட்ஸ் உலர்த்தும் இயந்திரம் இரவெல்லாம் இரைந்து
ஊர்பட்ட காலுறைகளின் ஈர வாடையைக்
கடைக்குள் நிரப்பி வைத்திருக்கும்.
காப்பி ஆறுவதற்குள்
பேருந்து வந்துவிடும்.

நான் கேட்பது மூன்றே கேள்வி:
உயரம், காலளவு, எடை.
முதல் இரண்டுக்கும் பதில் உடனே வரும்.
மூன்றாவதற்குக் கூரையைப் பார்ப்பார்கள்.

எடையை வைத்துத்தான்
பலகைக் கவ்வியின் திருகைத் திருப்ப வேண்டும்.
குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் கழன்றுகொள்ளும்.
கூட்டிச் சொன்னால் விழும்போதும் விடாது,
முழங்கால்தான் திருகிக்கொள்ளும்.
இதைப் பத்து மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
பத்து மொழியிலும் பொய் சொல்கிறார்கள்.
பதினேழு வருடப் பழக்கம்,
வாசலில் வரும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன்.
ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும்.

ரெக்ஸம் ஊர்க் குடும்பம் வந்தது.
நான்காவது வருடம்.
ஆல்ப்ஸில் மூன்று நாளுக்கு ஆகிற காசில்
இங்கே ஏழு நாள் தங்கலாம் என்று
கெரெய்ன்ட் முதல் வருடமே கணக்குச் சொன்னான்,
என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.
அந்தக் கணக்குக்குள்
என் சம்பளமும் இருக்கிறது.
ஆனாலும் பத்து சதவீதம் தள்ளிக் கொடுத்தேன்.
உச்சிக் கடையில் சூப்புக்கு இரட்டை விலை என்று
விடுதியின் காலை ரொட்டிக்குள்
உப்புப் பாலாடைக்கட்டியை அடைத்து
நாலு பேருக்கும் பொட்டலம் கட்டுகிறவன் மேல்
எப்படிக் கோபம் வரும்?

தகரப் பெட்டியிலிருந்து போன வருட அட்டைகளை எடுத்தேன்.
கெரெய்ன்ட் எண்பத்திரண்டு என்றான்,
தொண்ணூற்றைந்துக்குத் திருகினேன்.
மாக்ஸென் மீசை அரும்பி நின்றான், ஐம்பத்தாறு.
ஹெலெத்துக்கு ஒன்பது வயது,
தானே தராசில் ஏறிக் குதித்து
முள்ளை ஆடவிட்டாள்.
நெரிஸின் அட்டையில் அறுபத்து நான்கு.

அவள் வாய் திறக்கவில்லை.
லிஃப்ட் சீட்டின் பின்புறம் எழுதி
மடித்து நீட்டினாள்.
47.3.

புள்ளிக்குப் பிறகு ஓர் எண்.
பதினேழு வருடத்தில்
எவரும் எனக்குப் புள்ளி வைத்துச் சொன்னதில்லை.
வாராவாரம் யாரோ வெள்ளைக் கோட்டுக்காரர்
நிறுத்துக் குறித்துக்கொண்டால்தான்
இப்படித் தெரிந்திருக்கும்.
அதே பச்சை ஜாக்கெட்.
ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

‘என்னைத் தாங்குமா?’ என்றாள்.
தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன்.
ஒரு கணம் அவள் முகம் விழுந்துவிட்டது.
எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால்தான்
ஆமாம் என்று அர்த்தம்;
அது அவளுக்கு ஞாபகம் வந்ததும்
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நான் குனிந்து திருகைத் தளர்த்தினேன்.
கால் சுற்று. இன்னும் கொஞ்சம்.

மூன்றாம் நாள் மத்தியானம்
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
நீலப் பாதையின் கடைசி வளைவில் விழுந்தாள்.
இரண்டு பலகையும் அந்த நொடியே கழன்று
கயிறவிழ்ந்த கன்றுகள்போல
ஆளுக்கொரு பக்கம் ஓடின.
அவள் மல்லாந்து கிடந்தாள்.
மேலே மூவரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.
பனியில் ஓடவும் முடியாது.

பிறகு ஒரு கை உயர்ந்தது.
எழுப்பச் சொல்லி இல்லை.
‘கொஞ்ச நேரம் இருங்கள், வானம் நன்றாயிருக்கிறது’
என்றாளாம். குஸ்மான் சொன்னான்.
அவன்தான் பலகைகளைத் துரத்திப் பிடித்தவன்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் திருப்பித் தந்தார்கள்.
மாக்ஸெனின் பூட்ஸுக்குள் ஒரு முழு ஆப்பிள்.
ஹெலெத் தராசிடம் போய் டாட்டா சொன்னாள்.
கெரெய்ன்ட் மீதிப் பணத்தை
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான்.
எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

பேருந்து போனபின் அட்டைகளை எழுதினேன்.
மூன்றைப் பேனாவால்.
நெரிஸுடையதைப் பென்சிலால்.
ஏன் என்று குஸ்மான் கேட்டான்.
மை தீர்ந்துவிட்டது என்றேன்.
பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது,
அவனுக்குத் தெரியும்படி.